வரும்போது மறுபக்கம்

ஜனவரி 12, திங்கள்

புதிதாகத் திறக்கப்போகும் பல் ஆஸ்பத்திரிக்குத் திரை அளவெடுக்கப் போயிருந்தேன். நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. அந்தக் கட்டடத்தில் ஒரு ஜன்னல் அளவு இன்னொரு ஜன்னலுக்கு இல்லை. கட்டியவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். இவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏப்ரல்ல புனித வெள்ளி லீவு வருது. சனி ஞாயிறோட சேர்த்தா மூணு நாள். நாலு பேரும் போறோம்."

"எங்க?"

"துறைமுகத்துக்கு. அந்த ஊர்ல காரும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். எல்லாமே நடை தூரம்தானாம்."

நடை தூரம்! படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷன். மேசையைக் காலி செய்தால்தான் சாப்பாடு என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 15, வியாழன்

திட்டம் இன்று விளக்கப்பட்டது. எனக்கும் எங்கள் பெண்கள் இரண்டு பேருக்கும். கேட்காமல் எழுந்து போக யாருக்கும் அனுமதி இல்லை.

துறைமுகம் லாட வடிவில் இருக்கிறது. லாடத்தின் அடிப்பகுதியில் ஊர். அங்கிருந்து ஒரு கரை ஓரமாகவே முனை வரைக்கும் நடப்பது. முனையில் சின்னப் படகு ஒன்று ஆட்களை அந்தக் கரைக்குக் கொண்டுபோய் விடுமாம். பிறகு அந்தக் கரை ஓரமாகத் திரும்பி வருவது.

"போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம்," என்று சின்னவள் அவர் குரலிலேயே சொன்னாள். பெரியவள் சிரித்துவிட்டாள். இவரும்தான்.

காலமெல்லாம் தபால் கொடுத்த மனிதர். தெருவின் ஒரு பக்கத்து வீடுகளை முடித்துக்கொண்டே கடைசி வரை போய், எதிர்ப்பக்கத்து வீடுகளைக் கொடுத்துக்கொண்டே திரும்புவார். போன பக்கமே திரும்பி வந்தார் என்ற பேச்சே கிடையாது. வேலையில் சரி. கல்யாணமான புதிதில் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனபோதும் அதே கதைதான். எதிர்ப்பக்கம் கண்ணெதிரே வளையல் கடை இருக்கும். "அது வரும்போது" என்பார். சூப்பர் மார்க்கெட்டில் முதல் வரிசையில் பால் எடுக்க மறந்தால் அவ்வளவுதான், கடை முழுக்க ஒரு சுற்று. தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது.

இன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

நுரையீரல் டாக்டர். இவரிடம், "நல்லா சாப்பிடுங்க, கவலைப்படாதீங்க" என்றார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நான் மட்டும் பின்தங்கினேன். "ஊருக்குப் போகணும்கறார். போகலாமா?"

படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். தழும்பேறி இறுகிக்கொண்டே வருகிறது. திரும்பாது. "வருஷக் கடைசி வரைக்கும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேம்மா. ஆசைப்படறார்னா கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க. ஆனா நடக்க மட்டும் விடாதீங்க."

இவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னார்?" "போயிட்டு வரச் சொன்னார்." பாதி உண்மை.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஓட்டல் தேடும் வேலை என் தலையில். எல்லோரும் படுக்கையையும் குளியலறையையும் பார்ப்பார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். நடக்கவே விடக்கூடாது என்றால் அவருக்கு அங்கே வேறு என்ன இருக்கிறது?

லாடத்தின் அடிப்பகுதியில், தண்ணீரைப் பார்த்த மாதிரி ஒன்று கிடைத்தது. மூன்றாம் மாடி. லிஃப்ட் உண்டு. போன் பண்ணி ஜன்னல் என்ன அகலம் என்று கேட்டேன்.

"கட்டிலாங்க?"

"ஜன்னல்மா. ஜன்னல். நாற்காலியில உக்காந்தா ரெண்டு கரையும் தெரியுமா?"

போனை எடுத்த ஓட்டல் பெண் மேலே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள். தெரியுமாம். மகராசி, நன்றாக இருக்கட்டும்.

இவருக்குத்தான் பிடிக்கவில்லை. "ஜன்னல் எதுக்கு? அறையில யாரு உக்காரப் போறா?"

பிப்ரவரி 9, திங்கள்

பதிவு செய்துவிட்டேன். சக்கர நாற்காலி கிடைக்குமா என்றும் கேட்டு வைத்தேன். இவருக்குத் தெரியாது.

மார்ச் 3, செவ்வாய்



கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். போன். சாவி செய்கிறவர். இவர் தபால் கொடுத்த நாளிலிருந்து பழக்கம். "அக்கா, அண்ணன் இங்க என் கடைப் படியில உக்காந்திருக்கார். பேச முடியல. உதடெல்லாம் நீலமா இருக்கு." கத்தரிக்கோலோடு தெருவுக்கு வந்துவிட்டேன்.

யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பழைய தெருவில் நடக்கப் போயிருக்கிறார். பயிற்சியாம். ஏப்ரலுக்கு! பாதித் தெருவிலேயே மூச்சு போயிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பியிருப்பார்கள், வீடு கூப்பிடு தூரம். இவர் மட்டும் தெருக்கோடி வரைக்கும் போயிருக்கிறார். எதற்கு? மறுபக்கமாகத் திரும்புவதற்கு. அந்தக் கோடியில்தான் சாவிக்கடை.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினதும் கேட்டேன். கத்தினேன் என்று எழுதுவதுதான் சரி. "பாதியில திரும்பினா என்னங்க கெட்டுப் போச்சு?"

"அந்தப் பக்கத்து வீடுங்க விட்டுப்போயிடுமே," என்றார்.

பை இல்லை. தபால் இல்லை. வேலையே இல்லை, நின்று எத்தனை காலம் ஆகிறது. எந்த வீடு விட்டுப்போகும்? நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

மார்ச் 9, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டார். கூடவே ஒரு ஆக்ஸிஜன் மெஷின், சக்கரம் வைத்தது. குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் பின்னால் உருண்டு வருகிறது. சின்னவள் அதற்கு "நாய்க்குட்டி" என்று பெயர் வைத்துவிட்டாள். "அப்பா, நாய்க்குட்டிக்கு சார்ஜ் போட்டீங்களா?"

சக்கர நாற்காலி பேச்சை எடுத்தேன். "நான் என்ன பார்சலா, தள்ளிட்டுப் போக?" பேச்சு முடிந்தது.

பெரியவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு விஷயம் தெரியும். சமையலறையில் என்னை மடக்கினாள். "கேன்சல் பண்ணிடும்மா. போற இடத்துல ஏதாவது ஆனா என்ன பண்ணுவ?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது எங்களுக்குத் தெரியாது. நாய்க்குட்டி காட்டிக்கொடுத்துவிட்டது. "போகலைன்னா மட்டும் ஒண்ணும் ஆகாதா, கண்ணு?" என்றார். கோபமாகக்கூட இல்லை. அவள் குழாயடியில் திரும்பி நின்றுகொண்டு, கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

எனக்கு என்ன வேண்டும்? நேராகவே எழுதுகிறேன். இந்த நான்கு சுவருக்குள் இவரைப் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். இருமிக்கொண்டாவது, என்னைத் திட்டிக்கொண்டாவது இருக்க வேண்டும். ஆனால் அது யாருக்காக? அவருக்காகவா?

மார்ச் 20, வெள்ளி

இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தவர் இன்று சாப்பிடும்போது தானாகவே சொன்னார்.

"நீங்க நடங்க. நான் ஜன்னல்ல உக்காந்து போன்ல வழி சொல்றேன். ரெண்டு கரையும் தெரியும்ல?"

"தெரியும்," என்றேன்.

ஜன்னல் எதுக்கு என்று கேட்ட மனிதர். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

வந்து சேர்ந்தோம். ரயிலில் இவர் தூங்கவே இல்லை, வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

போனில் பேசிய ஓட்டல் பெண் பொய் சொல்லவில்லை. நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டோம். கீழே படகுகள், வலப்பக்கம் ஒரு கரை, இடப்பக்கம் ஒரு கரை, எதிரே முனைகள் இரண்டும் கிட்டே வந்து கடலுக்கு வழி விடுகின்றன. திரைதான் சகிக்கவில்லை. ஜன்னல் அடிக்கட்டையைக்கூடத் தொடாமல் குட்டையாக நிற்கிறது. மடிப்பு கோணல். ஊசி நூல் கொண்டு வந்திருக்கலாம்.

"வந்த இடத்துலயும் திரையைத்தான் பார்ப்பா உங்கம்மா," என்று பெண்களிடம் சொல்லிச் சிரித்தார்.

மாலை யாரும் வெளியே போகவில்லை. ரொட்டியும் சூப்பும் வரவழைத்து ஜன்னலைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. "நல்ல ஜன்னல்," என்றார். சந்தோஷமாக இருக்கிறேன். எழுத பயமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 4, சனி

காலை. முதலில் நானும் சின்னவளும். பெரியவள் அவரோடு இருக்கிறாள், மத்தியானம் அவள் முறை. சின்னவளை மஞ்சள் மழைக்கோட்டு போடச் சொல்கிறார், தூரத்திலிருந்து தெரியுமாம். மழையே இல்லை. அவள் முனகிக்கொண்டே போட்டுக்கொண்டாள். கிளம்பு கிளம்பு என்கிறார். மீதி வந்து எழுதுகிறேன்.

ஏப்ரல் 9, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

வலக்கரையில் நடந்தோம். போன் காதிலேயே இருந்தது. "வலை காயப் போட்டிருக்காங்களா? அதைத் தாண்டினா ஒரு பழைய கிடங்கு வரும் பாரு." வந்தது. "அடுத்து படிக்கட்டு. வழுக்கும், பார்த்து." வழுக்கியது. வந்தே பார்க்காத ஊரை, தான் தபால் கொடுத்த தெரு மாதிரி சொன்னார். "மஞ்சள் கோட்டு தெரியுது! கையை ஆட்டச் சொல்லு." சின்னவள் ஆட்டினாள். வெட்கமில்லாமல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

முனைக்கு வந்தோம். படகு அந்தக் கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்றோம்.

"ஏறிட்டியா?"

"இல்லங்க, இப்பத்தான் கிட்ட வருது."

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவள் ஏதோ சொல்வதும் கேட்டது. பிறகு அவர்.

"ஏறாத. வந்த பக்கமே திரும்பி வந்துடு."

"என்னங்க?"

"அதே பக்கமா வாம்மா. அதான் கிட்ட."

ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சின்னவள், "ஏம்மா, படகு வந்துடுச்சே" என்றாள்.

"அப்பா வந்த பக்கமே வரச் சொல்றார்."

அவள் முகம் அப்படியே செத்துப்போனது. என்னைத் தாண்டி ஓட ஆரம்பித்தாள். படிக்கட்டு, கிடங்கு, வலை. மஞ்சள் கோட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. மேலேயிருந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.

நாற்காலியில்தான் இருந்தார். பெரியவள் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து மெஷினைத் திருகிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டேன், நேரத்துக்கு வந்துவிட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என் வெறுங்காலைப் பார்த்தார்.

"சீக்கிரம் வந்துட்ட," என்றார்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மே 18, திங்கள்

கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். முதலாளியம்மா என்னை ஏணியில் ஏற விடுவதில்லை. கீழே நின்று துணி மடித்துக் கொடுக்கச் சொல்கிறார். அழுகையாக வருகிறது, அதுவும் எரிச்சலில்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

நாய்க்குட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். சின்னவள் அதன் சக்கரத்தைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

பிப்ரவரி 14, ஞாயிறு

பெரியவள் வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தாள். அவர் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. "இந்த வருஷம் அந்த லீவு மார்ச்லயே வருதும்மா," என்றாள். கேன்சல் பண்ணச் சொன்னவள். நான் மேசையைக் காலி செய்யச் சொல்லவில்லை. மூவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

மார்ச் 27, சனி

மூன்று பேரும் வலக்கரையில் நடந்து முனைக்குப் போனோம். வழி சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. பெரியவள்தான் இந்தப் பக்கம் பார்த்ததில்லை, படிக்கட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வழுக்கியது.

படகுக்காரர் சீட்டுக் கிழிக்கும்போது கேட்டார். "போக வரவா?"

"போக மட்டும்," என்றாள் சின்னவள். "வரும்போது அந்தப் பக்கமா நடந்து வந்துடுவோம்."

படகு புறப்பட்டது. போன் பைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வெறுமனேதான்.

அந்தக் கரையில் நல்ல வெயில். வீடுகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் தபால் பெட்டி. பாதி வழியில் ஓட்டலின் மூன்றாம் மாடி ஜன்னல் கண்ணுக்குத் தெரிந்தது. சின்னவள் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். திரை இன்னும் குட்டையாகத்தான் இருக்கிறது.

மெதுவாகத்தான் வந்தோம். ஒரு வீட்டையும் விடவில்லை.