தலைமாட்டு இரும்பு

அன்புள்ள அம்மாவுக்கு, புவனா வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டுவலி தேவலையா? கொடைக்கானலில் ஒரே மழை, லாட்ஜில் எனக்கு வேலை கொஞ்சம்தான்.

கெட்ட கனவு வருகிறது என்று போனில் சொன்னபோது, தலைமாட்டில் இரும்பு வைத்துப் படுக்கச் சொன்னீர்கள். ஏரிக்கரைக் கடையில் நூறு ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். "பழம் நறுக்கவா பாப்பா?" என்று கடைக்காரர் கேட்டார். தலையை ஆட்டினேன்.

விலைக்கு நல்ல கத்திதான். மரப்பிடி கைக்கு அடக்கமாக இருக்கிறது. கேரட்டைத் தாள் போலச் சீவுகிறது. ஆனால் விரித்த அலகு நிற்கப் பூட்டு இல்லை. உருளைக்கிழங்கில் குத்திப் பார்த்தேன், மடங்கி என் விரலை வெட்டிவிட்டது. சின்னக் காயம்தான். விரிப்பதற்கும் அலகின் பள்ளத்தில் நகத்தை நுழைத்து இழுக்க வேண்டும். எனக்கு நகமே இல்லை. எல்லாவற்றையும் கடித்துவிட்டேன்.

அம்மா, கனவு எதுவும் வரவில்லை. லாட்ஜ் முதலாளியின் மச்சான் பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொன்னேன். என் அறைக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. மத்தியானம் அவர் தட்டாமல் திறக்கிறார். "ஏம்மா பயப்படுற, நான் என்ன புலியா?" என்று சிரிக்கிறார். நேற்று உள்ளேயே வந்துவிட்டார். கத்தியை எடுத்தேன், விரிக்க முடியவில்லை. சமையல்கார அக்கா என்னைத் தேடி வந்ததால் போய்விட்டார்.

ஒரு தாழ்ப்பாளும் நாலு திருகாணியும் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். அது வேண்டாம். நீங்களே வெள்ளனே பஸ் ஏறி வாருங்கள். இங்கே யாராவது கேட்டால், "அவ அத்தை முடியாமக் கெடக்கு" என்று சொல்லுங்கள். துணிகளைப் பையில் வைத்துவிட்டேன்.

அக்கா தபால் போடக் கிளம்பிவிட்டாள்.

உங்கள் மகள்,
புவனா