ஊறுகாய் ஜாடிமேல் இருந்த லோனார் கல்

என் பிரியமுள்ள அக்கா,

மகர்பட்டாவில் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். லிஃப்ட் இருப்பதால் அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நல்ல செய்தி இதோடு முடிந்தது. மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நீ கண்மூடிய பிறகு பழைய தாபோடி வீட்டைக் காலி செய்த அன்று, கட்டிலுக்கடியில் நீ வைத்திருந்த கல் பெட்டிகளை வெளியே கொண்டுபோய்க் கொட்டியவன் நான்தான். பூனாவில் கல்லுக்கா பஞ்சம் என்று டெம்போக்காரரிடம் ஜோக் வேறு அடித்தேன்.

போன ஞாயிறு உன் மாணவி அஸ்மிதா வந்தாள். நீ பாதியில் விட்டுப்போன ஆராய்ச்சியை அவள்தான் தொடர்கிறாளாம். விண்கல் விழுந்து உண்டான லோனார் பள்ளத்திலிருந்து நீ எடுத்துவந்த கற்கள் வேண்டும் என்றாள். டீயைக் கீழே வைத்துவிட்டு, கொட்டிவிட்டதைச் சொன்னேன்.

அவளைப் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு தாபோடிக்கு ஓடினேன். நான் கொட்டிய இடத்தில் ரோடு போட ஜல்லி குவித்திருந்தார்கள். லோனாரும் கருங்கல், பூனாவும் கருங்கல். இதில் உன்னுடையது எது? அஸ்மிதா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வானத்திலிருந்து விழும் கல் மண்வெட்டி மாதிரித் தோண்டுவதில்லை என்று மராத்தியில் பொறுமையாகச் சொன்னாள். மோதிய அதிர்ச்சி உள்ளே பரவி, பாறையே கொஞ்ச நேரம் தண்ணீர் மாதிரி ஓடுமாம். குழி விரியும்போது அடியில் இருந்த அடுக்கு வெளியே வந்து விளிம்பில் தலைகீழாகக் கவிழுமாம். அந்த அதிர்ச்சியில் கல்லுக்குள் இருக்கும் சில படிகங்கள் உருகாமலே கண்ணாடியாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, மெல்லிசாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைக்கவேண்டும் என்றாள். இதையெல்லாம் நீ எனக்குச் சொல்ல வந்தபோது நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், இல்லையா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய், மாங்காய் ஊறுகாய் ஜாடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த கல்லை எடுத்துவந்தாள். அடியில் நீ வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய எண் அப்படியே இருந்தது.

"வானத்துலேர்ந்து வந்த கல்லாடின்னு கேட்டேன். அது அப்பவே ஆவியாப் போச்சும்மா, இது அடி வாங்கின கல்லுன்னு சொல்லிக் குடுத்தா உங்கக்கா" என்றாள் அம்மா.

அஸ்மிதா கை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை. அறுத்துவிடுவார்களே என்ற பயம். உன் கையால் கொடுத்ததில் அவளிடம் மிச்சம் அது ஒன்றுதான். கொடும்மா என்று கேட்க எனக்கு எந்த முகம் இருக்கிறது?

கடைசியில் அம்மாவே முந்தானையில் எண்ணெயைத் துடைத்து அதை என்னிடம் நீட்டினாள். "பாதி போதும்னு சொல்லுடா. மீதி எனக்கு வேணும்."

அதை மராத்தியில் சொல்லாமல், கல்லை அஸ்மிதாவிடம் கொடுத்து நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மழைக்காலம் விட்டதும் புதிதாகக் கல் எடுக்க அவளோடு லோனாருக்குப் போகிறேன் அக்கா. கல் பையை நான் தூக்குகிறேன். அறுத்து மிஞ்சும் பாதியை நானே போய் வாங்கிவந்து அம்மா கையில் கொடுக்கிறேன். அதுவரை அந்த ஜாடிமேல் வேறெதையும் வைக்க அவள் விடமாட்டேன் என்கிறாள்.

உன் கல்லை வெறும் கல் என்று நினைத்த தம்பி,
சேகர்