காலா, பிரேக்கா?

அன்பு மகள் பாப்புவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சளி இருமல் இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அடுத்த மாதம் நீங்கள் வரும்போது, "ஏர்போர்ட்டுக்கு நீங்க வண்டியை எடுக்க வேணாம்ப்பா, டாக்ஸியில வந்துக்கறோம்" என்று போனில் சொன்னாயே, அப்போது நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபமில்லை பாப்பு. இனி வண்டி ஓட்டுவதையே விட்டுவிடலாமா என்று நானே யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக பிரேக் பெடல் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ, வண்டி சரியாகத்தான் இருக்கிறது, வயதாகி என் கால்தான் தளர்ந்துவிட்டது என்று தோன்றியது. சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினேன். வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. அம்மா பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போனா பானட் மேலயே உக்காந்துக்கலாம்" என்றாள். ஒருநாள் கேட் ஓரத்துப் பூந்தொட்டியைத் தொட்டுவிட்டுத்தான் வண்டி நின்றது. நான் நேரே டாக்டரிடம் போய்க் காலைக் காட்டினேன். அவர் முட்டியில் தட்டினார், நான் அவர் மேஜையையே உதைத்துவிட்டேன். "காலுக்கு ஒண்ணுமில்ல சார், என் மேஜைக்குத்தான் வைத்தியம் பாக்கணும்" என்று சிரித்தார்.

அதன் பிறகுதான் வண்டியைச் சந்தேகிக்கத் துணிந்தேன். நிறுத்திய இடத்திலேயே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிரேக் ஆயில் அளவு சரி. சக்கரங்களின் உள்பக்கம் எங்கும் கசிவு இல்லை. பெடலை அழுத்திப் பிடித்தால் மேலும் இறங்காமல் நின்றது, ஆகவே ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் சரி. அடுத்தடுத்து மிதித்தால் இரண்டாம் மிதியிலேயே மேலே வந்தது, மெத்தைபோல் அமுங்காமல் கெட்டியாகவும் இருந்தது, ஆகவே குழாயில் காற்றும் இல்லை. கடைசியாக ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைத்து மிதித்தேன். முதல் மிதியிலேயே பெடல் உயரத்தில் நின்றது! ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்து பிரேக் ஷூவை முன்னதாகவே டிரம்மோடு நெருக்கிவிடுகிறது, ஆகவே சக்கரத்தோடு சுழலும் அந்த டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது என்று புரிந்தது. புரிந்தாலும் நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தரம் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். மெக்கானிக் வீட்டுக்கே வந்து ஒரு மிதி மிதித்துவிட்டு, "மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார். நான் வழக்கம்போல் தலையாட்டிவிட்டேன். அம்மா விடவில்லை. "காலையிலேர்ந்து வண்டிக்குள்ளயே குடியிருந்தீங்களே, கண்டுபிடிச்சதை வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்றாள். சொன்னேன். அவரும் அப்படியே செய்துபார்த்துவிட்டு, "அட, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா சார்" என்று டிரம்மைக் கழற்றினார். இடைவெளியைத் தானே சரிசெய்ய வேண்டிய பகுதி துருவேறி இறுகிக் கிடந்தது. சுத்தம் செய்து பூட்டினார். சீட் பழைய இடத்துக்குப் போய்விட்டது, என் வயிறும் நிம்மதியாக இருக்கிறது.

நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட் வரை ஓட்டிப் பார்த்தேன். கதவுக்கு மேலிருக்கும் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வருபவள், பாதி வழியில் தூங்கிப்போனாள். சிக்னலில் அவள் தலை அசையாமல் வண்டியை நிறுத்தினேன்.

குழந்தை அழுதால் "நான்தான் சரியா பாத்துக்கலையோ" என்று மருகுகிறாயாமே. அது என் குணம், உனக்கும் ஒட்டிக்கொண்டது. பழியை உன் மேல் போட்டுக்கொள்ளும் முன் மற்றதையும் பார். உன் வண்டியும் பழசுதான், பெடல் இறங்கினால் தள்ளிப்போடாதே.

மூவரும் நோய்நொடியில்லாமல் நீடு வாழ்க. குழந்தைக்கான சீட்டை மறக்காமல் கொண்டுவா, பின்னால் பொருத்த இடம் அளந்து வைத்திருக்கிறேன். டாக்ஸிதான் என்றாலும் சரி, நான் பின்னாலேயே வருவேன், போதிய இடைவெளி விட்டு.

இப்படிக்கு,
கால் நன்றாக இருக்கும் உன் அப்பா