சின்ன வெங்காயமும் எதிரணியும்

ஏப்ரல் 6, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. மதியத்துக்கு மேல் கொட்டு கொட்டென்று மழை. கடைவாசலில் அடுக்கியிருந்த வெங்காய மூட்டைகளை உள்ளே இழுப்பதற்குள் இடுப்பு போய்விட்டது.

வாங்க வேண்டியவை: தார்ப்பாய், பேனா, ஜமீலாவுக்கு முட்டிவலித் தைலம்.

பட்டிமன்றப் போஸ்டர் வந்துவிட்டது. 18-ஆம் தேதி, சமூக மன்றத்தில். ‘வளரும் நாட்டை முன்னேற்றுவது திறந்த சந்தையா, அரசின் கட்டுப்பாடா?’ என் படம் கொஞ்சம் கறுத்து விழுந்திருக்கிறது. பரவாயில்லை, பெயருக்குக் கீழே ‘சிராங்கூன் சாலை வணிகர்’ என்று போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டேன்.

ஜமீலா: “சீட்டே இன்னும் குலுக்கல. எந்தப் பக்கம்னு தெரியாம எதுக்குங்க இத்தனை பந்தா?”

பெண்டாட்டிக்கு எதிலும் ஒரு நொட்டை. வெங்காய ஏற்றுமதித் தடை வரும்போதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து இந்தியா முழுவதையும் திட்டித் தீர்க்கிறவன் நான். எந்தக் கூமுட்டை என்னைக் கட்டுப்பாடு அணியில் போடுவான்?

ஏப்ரல் 7, செவ்வாய்

பழனிசாமியிடமிருந்து குரல் பதிவு. திண்டுக்கல் பக்கம், சின்ன வெங்காயம் போடுகிறவர். என் கடைச் சரக்கு முக்கால்வாசி அவர் காட்டில் விளைந்ததுதான்.

“பாய், போஸ்டர் பாத்தேன். எங்களுக்காகப் பேசப்போறீங்க! சிங்கப்பூர்லேருந்து நேரலை வருமாம்ல? சங்கத்து ஆளுங்க எல்லாரும் என் வீட்டு டிவில போட்டுப் பாக்கப்போறோம்.”

பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “இந்தப் பட்டத்துக்கு வெங்காயம் போடலாமா வேணாமான்னு யோசனையா இருக்கு. விதை வெங்காயம் பட்டறை போட்டுச் சேத்து வெச்சது அப்படியே கிடக்கு. மறுபடி தடை போடுவாங்கன்னு பேசிக்கிறாங்க. உங்களுக்கு என்ன தோணுது?”

போன தடவை தடை வந்தபோது அவர் அறுவடையில் இருந்தார். கப்பலுக்கென்று கட்டிய மூட்டைகளைப் பிரித்து, உள்ளூரில் கேட்ட விலைக்குக் கொடுத்தார். மிச்சம் அழுகியது. அவர் போனில் ஒரு வார்த்தை கடுத்துப் பேசவில்லை. நான்தான் இங்கே நின்று கத்தினேன்.

“தைரியமாப் போடுங்கண்ணே” என்று பதில் அனுப்பினேன். சரியா சொன்னது? தெரியவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

சீட்டு குலுக்கினார்கள். எனக்குக் கட்டுப்பாடு அணி.

கெட்டது போ.

ஏற்பாட்டாளர் கலா டீச்சரிடம் கெஞ்சிப் பார்த்தேன். யாருடனாவது மாற்றிக்கொள்கிறேனே என்றேன். ஓய்வு பெற்றும் வகுப்பறைக் குரல் போகவில்லை அவருக்கு. “சீட்டுன்னா சீட்டுதான். அவங்கவங்களுக்குப் பிடிச்ச பக்கமே பேசறதுக்குப் பட்டிமன்றம் எதுக்கு? காப்பிக்கடையிலேயே பேசிக்கலாமே!”

நியாயம்தான். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

வீட்டில் சொன்னேன். ஜமீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நல்லா வேணும் லா!”

பழனிசாமியிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஏப்ரல் 11, சனி

சொல்லவில்லை. கடையில் கூட்டம். (சாக்கு.)

லாத்தாவுக்குப் போன் போட்டேன். சென்னையில் ராயபுரத்தில் மெஸ் நடத்துகிறாள் என் அக்கா. லோடு ஏற்றுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள் சாப்பிடுகிற இடம். தடை நல்லதா கெட்டதா என்று கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டாள்.

“வெங்காயம் ஏறுனா நான் என்ன தம்பி செய்வேன்? சாப்பாட்டு விலைய ஏத்துனா வர்ற புள்ளைங்க வராது. சாம்பார்ல வெங்காயத்தக் குறைச்சேன். ஆம்லெட்டுல முட்டைக்கோஸ் போட்டேன். அதுக மூஞ்சியப் பாக்க முடியல. நீ அங்க வேற எங்கேருந்தாவது கப்பல் கப்பலா வாங்கி வித்துக்க. எங்க ஊரு வெங்காயத்த எங்களுக்கு விடுடா!”

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூடாது, பேச்சில் பாதி தயாராகிவிட்ட சந்தோஷமும்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைப் புத்தாண்டு. தேக்கா சந்தை முழுக்க ஜனம். மாங்காய், வேப்பம்பூ, வாழையிலை எல்லாம் காலையிலேயே காலி. நிற்க நேரமில்லை.

ஒரு அம்மா அரசு வவுச்சரைப் போனில் காட்டி வெங்காயமும் பருப்பும் வாங்கினார். அவர் போன பிறகு தோன்றியது. அட்டைப்பெட்டி மூடியில் உடனே கிறுக்கினேன்:

விலை ஏறினால் இங்கே வவுச்சர் கொடுக்கிறார்கள். அங்கே ஏற்றுமதிக்குத் தடை போட்டுக் கேட்டைச் சாத்துகிறார்கள். கேட்டைச் சாத்தினால் அரசுக்குச் செலவில்லை. முழுச் செலவும் பழனிசாமி தலையில். லாத்தாவுக்குச் சோறு போட வேண்டியது அரசாங்கம், போடுவது பழனிசாமி.

அருமையான பாயிண்ட். ஆனால் எதிரணிப் பாயிண்ட். அடித்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்ததும் பழனிசாமியைக் கூப்பிட்டேன். இன்று சொல்லியே தீர்வது என்று.

“டீ, மிச்சர் எல்லாம் சொல்லியாச்சு பாய்!” என்று ஆரம்பித்தார். மென்று விழுங்கினேன். பட்டிமன்றத்தில் சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் பேச வேண்டும், எனக்கு மாறி விழுந்துவிட்டது, ஒரு விளையாட்டு மாதிரி என்று ஏதேதோ உளறினேன்.

சிரித்தார். “நீங்க எந்தப் பக்கம் உக்காந்தாலும் நம்ம பக்கம்தானே பாய்.”

தடை வேண்டும் என்றுதான் பேசப்போகிறேன் என்பதைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

ஏப்ரல் 18, சனி

முடிந்தது. ஜெயித்துவிட்டோம்.

எதிரணி மூன்று பேரும் துறைமுகம், தொழிற்பேட்டை, அந்நிய முதலீடு. மூச்சுக்கு மூச்சு “சிங்கப்பூரைப் பாருங்கள்!” விவசாயி என்ற சொல்லே அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

நான் எழுந்தேன். “சிங்கப்பூரைப் பார்க்கிறேன் நடுவர் அவர்களே. வயலைத் தேடுகிறேன், காணவில்லை. விளைகிற ஊருக்கு விளையாத ஊர் பாடம் சொல்லலாமா? விளைந்ததை முதலில் தன் மக்களுக்கு ஊட்டாத நாடு எப்படி முன்னேறும்?” பிறகு லாத்தாவின் மெஸ். முட்டைக்கோஸ் ஆம்லெட். மணி அடித்த பிறகும் கைத்தட்டல் நிற்கவில்லை. ஒரு பையன் ஓடி வந்து, “அங்கிள், பவர்ஃபுல் லா!” தீர்ப்பு நம் பக்கம். பொன்னாடை. கலா டீச்சர் கூடச் சிரித்தார்.

பேசும்போது நடிக்கவில்லை. அதுதான் விஷயம். ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் பேசினேன்.

வீடு திரும்பும்போது, உட்லண்ட்ஸ் வரும்வரை எம்ஆர்டி ரயிலில் ஜமீலா பொன்னாடையை மடித்தபடி வந்தாள். திடீரென்று கேட்டாள்: “அங்க கை தட்டுனவங்க வீட்டு வெங்காயம் எல்லாம் எங்கேருந்துங்க வருது?”

கப்பலில் வருகிறது. அந்தக் கப்பலை நிறுத்து என்றேன். கை தட்டினார்கள். நானும் குனிந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

பழனிசாமியிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்றும் இல்லை. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். பேச்சுக் காணொளிக்கு ஏகப்பட்ட பாராட்டு. ஒன்றையும் முழுசாகப் படிக்க மனசில்லை.

தார்ப்பாய் இன்னும் வாங்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். கடை திறந்து கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“நல்லாப் பேசுனீங்க பாய். உங்க அக்கா மெஸ்ஸப் பத்திச் சொன்னப்ப என் சம்சாரம் கண்ணத் தொடச்சுக்கிட்டா.”

குத்தலா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை.

“நீங்க தப்பாப் பேசியிருந்தா வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். சரியாப் பேசிட்டீங்களே. வெங்காயமே விளையாத ஊரு. அங்கயே தடைக்கு அப்படிக் கை தட்டுறாங்க. அப்ப எங்க ஊர்ல தட்டாம இருப்பாங்களா? தடை வரும் பாய். வந்துக்கிட்டேதான் இருக்கும். நான் மக்காச்சோளம் போடுறேன்.”

கடையில் கிடந்த அவர் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரக்குக்காக மட்டும் இல்லை.

“ஒண்ணுதான் பாய் வருத்தம். எங்க பக்கம் பேசுன மூணு பேரும் எங்களப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே.”

அட்டைப்பெட்டி மூடி கல்லாவுக்கு அடியிலேயே கிடந்தது. எடுத்து, அடித்த வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டைச் சாத்துவது, வவுச்சர், யார் தலையில் யாருடைய செலவு, எல்லாம்.



“இத அங்க சொல்லியிருக்கலாமே பாய்.”

“அது எதிரணி வாதம்ணே.”

“ஓ” என்றார். பிறகு, “சரி, வெச்சிடுறேன். விதை வெங்காயத்த வித்துட்டேன், ஏத்த லாரி வந்துருச்சு.”