கரையில் மட்டும் வேலை செய்த பொத்தான்

8 செப்டம்பர் 2025, திங்கள்

ஓணம் விடுமுறை முடிந்து கழக்கூட்டத்தில் உள்ள அலுவலகத்துக்குத் திரும்பினேன். காலையில் ஸ்டாண்ட்-அப் கூட்டம். சீக்கிரம் முடியவேண்டும் என்பதற்காக நின்றுகொண்டே நடத்தவேண்டிய கூட்டம் அது. ஐம்பது நிமிடம் உட்கார்ந்து நடத்தினோம்.

மீன்பிடிப் படகுகளுக்கான எங்கள் செயலி அக்டோபர் மூன்றாம் தேதி வெளியாகிறது. மந்திரி வருகிறார். தரச் சான்றில் கையெழுத்திட வேண்டியவன் நான். அது முடிந்தால் தலைமைப் பொறியாளர் பதவி எனக்கு என்று மேலாளர் ரெஜி சொல்லியிருக்கிறார். அந்தப் பதவிக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இங்கே இல்லை. விசாரித்துவிட்டேன்.

10 செப்டம்பர், புதன்

விழிஞ்ஞத்தில் சோதனை. படகில் வைத்த பெட்டி செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும். அதை இயக்குவது கைப்பேசியிலுள்ள எங்கள் செயலி. ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். துறைமுகத்தில் நின்று இருபது முறை அழுத்தினோம். இருபது முறையும் செய்தி போயிற்று. படகு தந்த ததேயுஸ், குளச்சல்காரர், நாளை கடலுக்குக் கொண்டுபோவார்.

12 செப்டம்பர், வெள்ளி

ததேயுஸ் தொலைபேசியில் அழைத்தார். இருபது கிலோமீட்டர் தாண்டி அழுத்தியிருக்கிறார். அரை மணி நேரம் தொடாததால் செயலி அவரை வெளியேற்றிவிட்டு, மறுபடி நுழைய ஓ.டி.பி. கேட்டிருக்கிறது. ஓ.டி.பி. வரக் கைப்பேசி டவர் வேண்டும். கடலில் ஏது டவர்?

"சாரே, கரையில நிக்கும்போ நல்லா வேல செய்யுது. கரையில நிக்கிறவனுக்கு என்ன சாரே ஆபத்து?"

இதைச் சரிபார்த்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் வைஃபைக்குப் பக்கத்தில்.

15 செப்டம்பர், திங்கள்

நிரலில் எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. குற்றவாளியிடம் சொல்ல ஒரு நல்ல வாக்கியமும் தயாராக வைத்திருந்தேன். கட்டளையைக் கொடுத்தேன்.

ஆனந்தகிருஷ்ணன்.

நான்தான். 2019இல் ஒரு வங்கிச் செயலிக்கு எழுதியது. அப்படியே எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறேன். வங்கியில் பாராட்டினார்கள்.

கரமனையில் வீட்டுக்கு வந்து மனைவி ஜானவியிடம் சொன்னேன்.

"அந்தப் பேரை அழிச்சுட முடியாதோ?"

"முடியும். யார் அழிச்சான்னும் காட்டும்."

"நன்னா இருக்கு, உங்க ஆபீஸ்" என்றாள்.

16 செப்டம்பர், செவ்வாய்

ரெஜி தமிழில் பேச ஆரம்பித்தால் ஏதோ வேண்டும் என்று பொருள்.

"ஆனந்த் சாரே, இப்போ ஒரு ஒப்பு போட்டா மதி, அது போதும். பாக்கி எல்லாம் அடுத்த வெர்ஷன்ல சரியாக்கலாம்."

"அதுவரைக்கும் படகு கவுந்தா?"

"அய்யோ, அப்படிச் சொல்லாதே. மினிஸ்டர் வர்றார்."

கையெழுத்துப் போடவில்லை. பிழை யாருடையது என்றும் எழுதிக் கொடுத்தேன். பொத்தானுக்கு உள்நுழைவே வேண்டாம் என்றேன். பாதுகாப்புக் குழுவின் ஸ்ரீலக்ஷ்மிக்கு அது பிடிக்கவில்லை.

"யாருன்னே தெரியாத ஒருத்தர் அழுத்தினா என்ன செய்வீங்க?"

"மூழ்கறவர் யாரா இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை."

17 செப்டம்பர்

இன்று யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. தனியாகக் குடித்தேன். டீ நன்றாகவே இருந்தது.

3 அக்டோபர், வெள்ளி

வெளியீடு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. மந்திரி வேறெங்கோ ரிப்பன் வெட்டினார். தலைமைப் பொறியாளர் பதவி வெங்கடகிருஷ்ணனுக்கு. முந்நூறு வரி நிரலை நாற்பது வினாடியில் படித்து ஒப்புதல் தருபவர். அவ்வளவு வேகம் என்னிடம் இல்லைதான்.

வருத்தமா? ஆமா, இருக்கு. பதினேழு வருஷம்டா. ஆனா அந்தக் காகிதத்துல என் கையெழுத்து இல்லை. அது போதும் — இன்னிக்குப் போதும்.

10 நவம்பர், திங்கள்

போன வாரம் செயலி வெளியானது. பொத்தானுக்கு உள்நுழைவு இல்லை.

காலையில் பாதுகாப்புக் குழுவின் மின்னஞ்சல்: 'நேற்று அதிகாலை 5.40க்கு, அடையாளம் உறுதிசெய்யப்படாத ஒருவர் சிவப்புப் பொத்தானை அழுத்தியுள்ளார். இணைத்துள்ள படிவத்தில் விளக்கம் தரவும்.'

துறைமுகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு நிரப்பினேன். நிகழ்வு: படகுக்குள் தண்ணீர் ஏறியது. அழுத்தியவர்: படகிலிருந்த ஐந்து பேரில் ஒருவர், யார் என்று அவர்களுக்கே நினைவில்லை. எடுத்த நடவடிக்கை: மீட்புப் படகு சென்றது.

கடைசியில் 'பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. பூஜ்யம் என்று எழுதி அனுப்பினேன்.