கல்யாணம் இல்லாத மாதம்

17 டிசம்பர் 2025, புதன்

மார்கழி இரண்டாம் நாள். இனிப் பொங்கல் வரை முகூர்த்தம் கிடையாது. கல்யாண போட்டோ எடுக்கிற எனக்கும் வேலை கிடையாது. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வஹீத், "கான்ட்ராக்ட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் கேக்கறாங்க நசீமா. ஃபாரம் வாங்கிட்டு வரட்டுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பதினோரு வருஷமாக மணமேடையைத் தவிர எதையும் எடுத்ததில்லை. வேறு எதையாவது எனக்குப் பார்க்கத் தெரியுமா? பொங்கல் வரை தினம் ஒரு படம். பொண்ணு மாப்பிள்ளை இல்லாத படம். முடியாவிட்டால் ஃபாரம்.

18 டிசம்பர், வியாழன்

தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. பாட்டிலை ஜன்னலில் வெயிலுக்கு வைத்தேன். ஓரம் உருகி, நடுவில் வெள்ளையாக ஒரு தூண் நின்றது. எடுத்தேன். படம் சுமார்தான். ஆனால் எண்ணெய் பாட்டிலை இருபது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

21 டிசம்பர், ஞாயிறு

குளிர். போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டேன். படம் இல்லை.

23 டிசம்பர், செவ்வாய்

ஷிஃப்ட் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். பனியில் முகமே தெரியவில்லை, வரிசையாகக் குல்லாக்களும் சாப்பாட்டுப் பைகளும்தான். காத்து நின்றதில் லென்ஸ்மேல் பனி ஈரம் படிந்துவிட்டது. துடைத்து நிமிர்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கிடைத்தது பனிக்குள் போகிற இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும். மாலையை இன்னொரு தடவை போடுங்க என்று மாப்பிள்ளையிடம் சொல்லலாம். பஸ்ஸிடம் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது.

27 டிசம்பர், சனி

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் ரோட்டில் கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிற பெண்கள் சருகு கூட்டிக்கொண்டிருந்தார்கள். காதைச் சுற்றித் துண்டு கட்டிய ஓர் அம்மா, குனிந்து, பின்னால் பனியோடு இறங்குகிற வெயில். ஆறு படம் எடுத்தேன். பார்த்துவிட்டார்.

"யாரக் கேட்டு எடுத்த? தெனம் இதத்தான் பண்ணிக்கினு இருக்கேன். இத வேற படம் புடிச்சி யாருக்குக் காட்டப் போற?"

அவர் கண்முன்னாலேயே ஆறையும் அழித்தேன்.

கல்யாண வீட்டில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. கேட்டுட்டு எடுக்கணும்னு எனக்கும்தான் எப்போ தோணிச்சு? ச்சே.

30 டிசம்பர், செவ்வாய்

கேமரா எடுக்கவில்லை. கூட்டுகிற அந்த அம்மாவுக்கு ஃப்ளாஸ்கில் டீ கொண்டுபோனேன். அவர் பெயர் கனகம். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வருகிறார். கூட நாலு பேர்.

"கேமரா எங்க?"

"வீட்ல இருக்குக்கா."

"கோவமா?"

"வெக்கம்."

சிரித்துவிட்டார். "டீயில சர்க்கர பத்தல" என்றார். நாளைக்குக் கூடப் போடவேண்டும்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

வஹீத்தின் ஸ்கூட்டர் சீட்டில் பூனை சுருண்டு தூங்குகிறது. மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர், "நீ எடுத்து முடி, அப்புறம் எழுப்பலாம்" என்று காத்திருந்தார்.

12 ஜனவரி, திங்கள்

ஃபாரம் வந்துவிட்டது. வஹீத் மேஜைமேல் வைத்து, "அவசரம் இல்ல" என்றார். நான் பதினெட்டுப் படங்களையும் அவருக்குக் காட்டினேன். பஸ் படத்தில் நின்றார்.

"இது நான் போன பஸ்ஸா?"

"ஆமா."

"உள்ள இருக்கும்போது இப்படித் தெரியலையே" என்றார். திரும்பவும் பார்த்தார்.

28 ஜனவரி, புதன்

தை பிறந்து நாலு கல்யாணம் புக்காகியிருக்கிறது. பனி இன்னும் விடவில்லை. நானும் கேமராவோடு போகிற காலை நடையை விடவில்லை. ஃபாரத்தின் கடைசித் தேதி போன வாரமே போய்விட்டது. நிரப்பாத ஃபாரம் மேஜைமேலேயே கிடக்கிறது.

இன்று கனகம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க. வயசாயிடிச்சாம். இருபத்திரெண்டு வருசம் கூட்டிட்டேன். நீ என்னை ஒரு படம் எடுக்கிறியா?"

"இங்கேயே எடுக்கட்டுமா?"

"கூட்டற மாதிரி வேணாம். சும்மா உக்காந்துகினு இருக்கிற மாதிரி எடு. அப்படி என்னை ஒருத்தரும் பாத்தது இல்ல."

1 பிப்ரவரி, ஞாயிறு

அக்கா பச்சைப் புடவையில் வந்தார். தலையில் கனகாம்பரம். வாசல் தோட்டத்தில், வெயிலில் நாற்காலி போட்டேன். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. காலடியில் கிடந்த சருகுகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். மணப்பெண் என்றால் இதற்குள் பத்து தடவை முகவாயைத் திருப்பியிருப்பேன். இன்று கேமராவை இறக்கிவிட்டுக் காத்திருந்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கைகள் தாமாக மடிக்கு வந்தன. முதுகு நாற்காலியில் சாய்ந்தது. ரோட்டைப் பார்த்தபடி இருந்தார், எதற்காகவும் இல்லாமல்.

ஒரே ஒரு படம்.

காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இவ நல்லா இருக்காளே" என்றார்.

7 பிப்ரவரி, சனி

பிரிண்டை அக்காவிடம் கொடுத்து மூன்று நாள்தான் ஆகிறது. இன்று வேலை முடிந்து வந்த வஹீத்தை, கூட்டுகிற பெண்கள் நாலு பேரும் ரோட்டிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். "பாய், எங்களையும் எடுக்கச் சொல்லுங்க. உக்காந்த மாதிரி." நாளைக் காலை வருகிறார்களாம், கனகம் அக்காவையும் கூட்டிக்கொண்டு.

வீட்டில் நாற்காலி இரண்டுதான். வஹீத் பக்கத்து குவார்ட்டர்ஸில் போய் மூன்று கேட்டு வாங்கிவந்தார். அவராகத்தான் போனார். இப்போது வாசலில் ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்கிறார்.

"நசீமா, காலைல வெயில் எந்தப் பக்கம் விழும்?"