இரண்டாம் பாகம் வேண்டாம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. உன் கிளினிக்கைக் கம்பவுண்டர் தினமும் திறந்து கூட்டி வைக்கிறார். வருகிறவர்களிடம் டாக்டர் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்றால், "இத்தனை வருஷம் கழிச்சா?" என்று பயந்துவிடுகிறார்களாம்.

உன் எழுத்துப் பயிற்சி வகுப்பைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். வக்கீலும் ஆடிட்டரும் கடைசி வரிசைக்குப் போட்டி போடுவதும், பல் டாக்டர் தினம் ஒருமுறை கடவுச்சொல்லை மறந்துவிட்டு முழிப்பதும் கண்முன் நிற்கின்றன. படித்தவர்களுக்குப் பாடம் எடுப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பெண்ணைப் பாடாய்ப் படுத்தாதீர்கள்.

வகுப்புக்காக நீ எழுதிய வலைப்பதிவையும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறாய். அதுதான் வினையாகிவிட்டது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்பதால் எழுதுகிறேன்.

கை நடுங்கும் ஒரு சலூன்காரரைப் பற்றி எழுதினாய். பெயர் போடவில்லை, சரி. ஆனால் கடை வாசல் மீன்தொட்டியைப் போட்டாய். சவரம் செய்யும்போது அவர் முணுமுணுக்கும் பாட்டைப் போட்டாய். கத்தி ஒருவர் கழுத்தருகே போகும் இடத்தில் நிறுத்தி, மீதி அடுத்த வாரம் என்றாய். அது தைராய்டுக் கோளாறுதான், உன் மாத்திரையில் கை எப்போதோ நேராகிவிட்டது என்பதெல்லாம் இரண்டாம் பாகத்துக்குப் போய்விட்டது. படிப்பவரை ஏங்கவிட வேண்டும் என்பது உங்கள் பாடமாம்.

வகுப்பில் மணி அடித்ததென்று கணக்கைப் பாதியில் நிறுத்தினால், மீதியை ஒவ்வொரு பிள்ளையும் தன் போக்கில் போட்டுக்கொண்டு வரும். நம் தெருவும் அப்படியே போட்டுக்கொண்டது. உன் பதிவு எல்லோர் போனிலும் சுற்றுகிறது. நேற்று நான் அவர் கடைக்குப் போனபோது இரண்டு நாற்காலியும் காலி. அவர் மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டிருந்தார்.

பெயர் போடவில்லையே என்று உனக்காகப் பேசிப் பார்த்தேன். "பேரைப் போட்டிருந்தாக்கூட வேற யாரோன்னு விட்டிருப்பாங்க டீச்சர். மீன்தொட்டி வச்ச சலூன் இந்தப் பக்கம் வேற எங்க இருக்கு?" என்றார். அடுத்த வாரம் மீதியும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். "எனக்கு வந்தது ஒரே வியாதி. டாக்டர் ஏன் டீச்சர் அதை ரெண்டு பாகமாக்குறாரு?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாத்திரை தீர்ந்துவிட்டதாம். கம்பவுண்டரிடம் வாங்கிக்கொள்ளக்கூடாதா என்றேன். "அங்க போனா இன்னும் என்ன எழுதுவாங்களோ" என்றார். மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரு பயப்படுவது அப்புறம் நிஜமாகிவிடும்.

உன் மேல் அவருக்குக் கோபம் இல்லை, தம்பி. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

முதல் பாகத்தை இன்றே எடுத்துவிடு. இரண்டாம் பாகம் வேண்டாம். அதில் எத்தனை நல்லது எழுதினாலும், அது அவருடைய உடம்பைப் பற்றியதுதானே. அவரைக் கேட்காமல் எழுத நமக்கு என்ன உரிமை? ஆனால் எடுத்துவிட்டதால் மட்டும் படித்தவர்கள் மறந்துவிடப் போவதில்லை. உன் அத்தானைக் கடைக்கு அனுப்பலாம் என்றால், அவர் தலையில் வெட்ட என்ன இருக்கிறது? தாடியையும் தொடவிடமாட்டார். அவர் போய் உட்கார்ந்தாலும், டாக்டர் வீட்டுக்காரர்கள் பூசி மெழுகுகிறார்கள் என்றுதான் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை என்றாயே. காலை வண்டியில் வந்துவிடு. சலூனுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் அந்த நேரம் நல்ல கூட்டம் இருக்கும். முதலில் சலூன்காரரிடம் பேசு. மாத்திரையைக் கொடு. பிறகு வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார். கடைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்கிறேன்.

உன் எழுத்து வளரட்டும், உன் கைராசி குறையாமல் இருக்கட்டும். சனிக்கிழமையிலிருந்து முகச்சவரம் செய்துகொள்ளாதே. அப்படியே வா.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா